நெல்லூர் வந்தால் எழுப்பச் சொன்ன அப்பாவுக்கு

அன்பான அப்பாவுக்கு,

முதலில் ஒரு மன்றாட்டம். இதை அங்கே ஒருவருக்கும் காட்டாதீர்கள். அப்பப்பாவுக்கும் வேண்டாம், பெரியப்பாவுக்கும் வேண்டாம். பெரியப்பாவிடம் கொடுத்தால் அவர் அங்கேயும் சந்திக்குச் சந்தி நின்று சொல்லிவிடுவார். வாசித்ததும் கிழித்துப் போடுங்கள். கிழிப்பதற்கு அங்கே கை இருக்குமோ தெரியாது. அங்கத்தைய நடைமுறை ஒன்றும் எனக்குத் தெரியாது.

நாளைக்கு உங்கள் முதலாவது ஆண்டுத் திவசம். பண்டத்தரிப்புச் சனம் பாதி எங்கள் வீட்டில்தான். சென்னையிலிருந்து பெரிய மாமாவும் கப்பலேறி வந்துவிட்டார். முற்றத்துப் பந்தலின் கீழே படுத்திருக்கிறார். நான் அறைக் கதவைப் பூட்டி, லாம்புத் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. உங்கள் திவசம் நாளைக்கா, அல்லது அது இன்றைக்கே வந்து, ஒருவரும் கவனிக்காமல் போய்விட்டதா? எனக்குத் தெரியவில்லை. உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அண்ணை சோதனை பாஸ். தம்பி நடக்கிறான். நீங்கள் போகும்போது கைக்குழந்தை, இப்போது கோழியைத் துரத்துகிறான். உங்கள் படத்தைக் காட்டி "ஆர் இது?" என்று கேட்டால், "மாமா" என்கிறான். அம்மா திருத்துவதில்லை. கிணற்றடித் தோட்டத்தில் இந்த முறை புகையிலை வைக்கவில்லை. அண்ணை வெங்காயம் நட்டார். அது சரியோ பிழையோ, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த றெயில்.

காசிக்குப் போகலாம் என்று நீங்கள் சொன்ன நாளில் அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "கைக்குழந்தையோடை நான் என்னண்டு வாறது? உவளையே கூட்டிக்கொண்டு போப்போறியள்?" என்று கேட்டார். நீங்கள் என் தலையில் குட்டி, "உவள்தான் இங்கிலீசு வாசிக்கிற ஆள். ஸ்டேசன் பேர் வாசிக்க எனக்கு ஒரு மனேச்சர் வேணும்" என்றீர்கள். அதற்குப் பிறகு இராமேஸ்வரத்தில் றெயில் ஏறியதிலிருந்து நான்தான் உங்கள் மனேச்சர். ஒரு பலகையையும் விடாமல் வாசித்தேன். எந்த ஊர் எப்போது வந்தது என்று நீங்கள் கேட்காமலே சொன்னேன். அப்படி எல்லாவற்றையும் வாசித்த எனக்கு, வாசித்திருக்க வேண்டிய ஒன்றுமட்டும் தெரியாமல் போய்விட்டது.

காசியில் முழுகியது, செம்பில் கங்கைத் தீர்த்தம் பிடித்து அரக்கு வைத்து மூடியது, இதெல்லாம் நினைவிருக்கிறதா? திரும்பி வரும்போது இட்டார்சிச் சந்தியில் மாறி ஏறினோம். நீங்கள் மரவாங்கில் சம்மணம் கட்டி இருந்துகொண்டு, "எங்கடை யாழ்தேவி வெளிக்கிட்டால் ஒரு பகலிலை நாடு முடிஞ்சிடும். இஞ்சை ரெண்டு நாள் ஓடியும் நாடு முடியேல்லை. இவங்களுக்கு உந்த நாட்டை என்னண்டு கூட்டித் துப்புரவாக்கிறது?" என்று கேட்டீர்கள். எதிர் வாங்கில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

நாகபுரியில் ஏறிய அந்தச் சென்னைக்கார அம்மாளைச் சொல்கிறேன். மகள் வீட்டில் பேறு பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். நீங்கள் கதைப்பதைச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "நீங்க மலையாளமா?" என்று கேட்டார். இந்தியாவில் இறங்கிய நாள் முதல் எல்லாரும் அதைத்தானே கேட்டார்கள்.

"மலையாளமோ? நாங்கள் தமிழ் அம்மா. உங்களிலும் பாக்கத் தமிழ்."

"அப்புறம் ஏன் ஆமான்னு சொல்லாம ஓம் ஓம்னு மந்திரம் சொல்றீங்க?"

"காசிக்குப் போட்டு வாறம் எல்லே, மந்திரம் வராதோ?"

அன்று முழுவதும் உங்கள் இரண்டு பேருக்கும் இதே விளையாட்டுத்தான். அவர் புளியோதரை தந்தார். நீங்கள் பனங்கட்டி கொடுத்தீர்கள். "இது வெல்லமா, கருங்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கடித்தார்.

அடுத்த நாள் வண்டி மிகவும் பிந்தி ஓடியது. விடிவதற்கு முன்னர் வந்திருக்க வேண்டிய விஜயவாடா வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. அங்கே நீங்கள் தேத்தண்ணி வாங்கினீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தேத்தண்ணியோ பால்கஞ்சியோ?" என்று முகத்தைச் சுளித்தீர்கள். மிச்சத்தை என்னிடம் தந்தீர்கள். ஆற்றுப் பாலம் முடிந்ததும் நெஞ்சைத் தடவினீர்கள். நான் கேட்டபோது, "வாய்வு" என்றீர்கள். சன்னல் மூலையில் சாய்ந்து, சால்வையை நாடிவரைக்கும் இழுத்துக்கொண்டீர்கள்.

"பிள்ளை, நெல்லூர் வந்தால் எழுப்பு. நெல்லுக்குப் பேர் போன ஊராம். அவங்கடை வயல் எப்பிடியெண்டு ஒருக்காப் பாப்பம்."

அதுதான் அப்பா. எனக்குத் தெரிந்து நீங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

பிறகு நிறைய ஊர்கள் வந்தன. தெனாலி வந்தது. சீராலை வந்தது. புழுக்கம் தாங்க முடியவில்லை, கரித்தூள் வேறு. ஒங்கோலில் வண்டி வெகுநேரம் நின்றது. அந்த அம்மாள் தோடம்பழம் வாங்கி உரித்து எனக்குத் தந்தார். நான் ஒரு சுளையை உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். உங்கள் விரல்கள் அதை மூடின. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதே நேரம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. விரல்களை நீங்கள் மூடினீர்களா அப்பா, அல்லது வண்டி மூடியதா?

இந்த ஒரு கேள்வியை ஒரு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போதும் அந்த விரல்கள்தான் தெரிகின்றன.

நெல்லூர் வந்தது. நான் பலகையை வாசித்துவிட்டு, "அப்பா, நெல்லூர்" என்றேன். தோளைத் தட்டினேன். உலுக்கினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். எழுந்து வந்து உங்கள் கழுத்தில் கை வைத்தார். பிறகு மூக்கடியில் புறங்கையை வைத்தார். என் பக்கத்தில் இருந்து என் வாயைத் தன் சேலைத் தலைப்பால் மெல்லப் பொத்தினார்.

"பாப்பா, கத்தாதே. நான் சொல்றதக் கேளு. இப்ப கார்டுக்குத் தெரிஞ்சா உன்னையும் உங்கப்பாவையும் இங்கயே எறக்கிடுவாங்க. பாஷை தெரியாத ஊரு. பொணத்தை வெச்சுக்கிட்டு நீ யாருகிட்டப் போவே? மெட்ராஸ்ல உங்க மாமா வர்றாருன்னு சொன்னே இல்ல? அதுவரைக்கும் உங்கப்பா தூங்குறார். புரியுதா? தூங்குறார்."

நான் தலையாட்டினேன். அவர் உங்கள் சால்வையைச் சரி செய்தார். உங்கள் தலை ஆடாமல் இருக்கத் தன் துணிப்பையை முட்டுக் கொடுத்தார். நீங்கள் பார்க்க வேண்டும் என்ற வயலை நான் உங்களுக்காகப் பார்த்தேன். அறுவடை முடிந்து வெறும் தாள்தான் நின்றது. மாடுகள் மேய்ந்தன. நீங்கள் விழித்திருந்தாலும் ஏமாந்துதான் இருப்பீர்கள். "உதைப் பாக்கவே என்னை எழுப்பினனி?" என்று ஏசியிருப்பீர்கள். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கூடூர் தாண்டி டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். "ஜுரம் சார், இப்பத்தான் கண் அசந்தார். டிக்கெட்டு பொண்ணுகிட்ட இருக்கு" என்றார் அந்த அம்மாள். நான் நீட்டினேன். அவர் ஓட்டை போட்டுத் தந்துவிட்டு, உங்களை எழுப்பிவிடக் கூடாதென்று கால் விரலில் நடந்து போனார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன். அப்பா செத்துப்போன பிறகு பக்கத்தில் இருந்து சிரிக்கிற பிள்ளை வேறு எங்காவது இருக்குமா? அந்த அம்மாள் என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டார்.

சென்னையில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெரிய மாமா சன்னலுக்குள் தலையை விட்டு, "மச்சான் நல்ல நித்திரை போலை!" என்று சிரித்தார். அந்த அம்மாள் அவருடைய காதில் ஏதோ சொன்னார். மாமா அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். பிறகு நம் செம்பை எடுத்து, அரக்கைப் பல்லால் கடித்து உடைத்து, கங்கைத் தண்ணீரை உங்கள் வாயில் ஊற்றினார். அது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. அந்த அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார். பேரைக்கூட நான் கேட்கவில்லை.

அங்கேயே உங்களைத் தகனம் செய்தோம். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வீட்டுப் படலையைத் திறந்ததும் அம்மா நிலத்தில் விழுந்தார். இரண்டு நாள் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தம்பி பாலுக்குக் கத்தினான். மூன்றாம் நாள் மாமா அம்மாவின் பக்கத்தில் இருந்து சொன்னதை நான் கதவு மறைவில் நின்று கேட்டேன்.

"தங்கச்சி, மச்சான் என்ரை மடியிலைதான் போனவர். நான் கங்கைத் தண்ணி பருக்கினனான், விழுங்கினவர். 'தெய்வானையைப் பாத்துக்கொள்' எண்டு சொல்லித்தான் கண்ணை மூடினவர்."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். உடைந்த அரக்கோடு இருந்த செம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு தம்பிக்குப் பால் கொடுத்தார்.

அப்போது எனக்கு அது நல்ல பொய்யாகத்தான் தெரிந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்த அன்றுதான் வினை வந்தது. குருக்கள் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு, "சீவன் போன நேரம் என்ன? அண்டைக்கு மத்தியானத்தோடை அபரபக்க அட்டமி முடிஞ்சு நவமி பிறந்திட்டுது. முதல் எண்டால் அட்டமி, பிறகு எண்டால் நவமி. வரியா வரியம் அந்தத் திதியிலைதான் அவருக்குக் குடுக்க வேணும்" என்றார்.

"பின்னேரம் ஐயா. என்ரை மடியிலை" என்றார் மாமா.

நவமி என்று முடிவாயிற்று. விஜயவாடா தாண்டி நீங்கள் கண் அயர்ந்தபோது அட்டமி. நெல்லூரில் நான் எழுப்பியபோது நவமி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நீங்கள் இறங்கிப் போய்விட்டீர்கள். தோடம்பழச் சுளையை மூடிய விரல்கள் உங்களுடையவை என்றாலும், ஒங்கோலில் நின்றபோது மத்தியானம் ஆகிவிட்டதா என்று நான் மணி பார்க்கவில்லை. ஊர்ப் பேரைத்தான் பார்த்தேன்.

இந்த வருடம் இன்றைக்கு அட்டமி. நாளைக்கு நவமி.

இன்று மத்தியானம் வீட்டில் எல்லாரும் நாளைய படையலுக்குக் காய்கறி அரிந்துகொண்டிருந்தார்கள். உங்களை ஒருவரும் நினைக்கவில்லை என்றில்லை, உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் இன்றைக்கு நீங்கள் பசியோடு வந்து வேலிக்கு வெளியில் நின்றால்? என் பங்குச் சோற்றை வாழையிலைத் துண்டில் வைத்துப் பின் வளவில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு காகம் வந்து தின்றது. வடலிப் பக்கம் பார்த்துக் கரைந்துவிட்டுப் போனது. அது நீங்களா, வெறும் காகமா? நாளைக்கு வரும் காகம் யார்?

பயம் கூடிப்போய்க் கிணற்றடியில் மாமாவைப் பிடித்தேன். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா உங்களோடை கதைச்சவரே?"

"கதைச்சவர் எண்டு சொன்னனான்தானே."

"நெல்லூரிலையே அவர்..."

"மெல்லக் கதை பிள்ளை." சுற்றிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதே? நானும் கண் இருக்கிறவன்தானே. கொம்மா அந்த ஒரு வசனத்தைப் பிடிச்சுத்தான் எழும்பினவ. அதை இப்ப பிடுங்கப்போறியோ?"

"திதி பிழைச்சால் அப்பாவுக்குப் போய்ச் சேராதாமே."

"பிழைச்சால் அந்தப் பாவம் எனக்கு. பொய் சொன்னது நான், சுமக்கிறதும் நான். நீ போய்ப் படி."

இட்டார்சியில் சிவப்புச் சட்டைக்காரன் நம் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னே ஓடினானே, அப்படிப் பாவத்தையும் ஒருவருடையதை மற்றவர் தூக்கலாமா? தூக்கினால் என் பாரம் குறைந்திருக்க வேண்டுமே. குறையவில்லை. மாமா மேல் எனக்குக் கோபமும் இல்லை. கோபம் வந்தால் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

பொழுதுபடும் நேரம் குசினியில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை, கொப்பர் என்னை என்னண்டு கூப்பிடுறவர்?"

"இஞ்சாரும் எண்டு."

"வேறை?"

"சில நேரம் 'எங்கை, கேக்குதோ' எண்டு."

"ஒருநாள் எண்டாலும் என்ரை பேர் சொல்லிக் கூப்பிட்டவரே?"

நான் யோசித்துப் பார்த்தேன் அப்பா. கோபத்திலும் இல்லை. பகிடிக்கும் இல்லை. வெளி ஆட்களிடம் சொல்லும்போதுகூட, "வீட்டிலை" என்றுதான் சொல்வீர்கள். ஊரில் எந்த வீட்டில்தான் மனிசியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? மாமா இவ்வளவு காலம் சென்னையில் இருந்து அதை மறந்துபோனாரோ, அவசரத்தில் அண்ணன் வாயில் தங்கச்சி பேர்தான் வந்ததோ?

"இல்லை அம்மா" என்றேன்.

"ஓம். சாகேக்கைதான் சொன்னவராம்." திருவலைச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. "நீயும் பக்கத்திலைதானே நிண்டனி? உனக்குக் கேட்டதோ?"

நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன். அந்த நேரம் பார்த்து முற்றத்திலிருந்து, "தெய்வானையக்கா, வாழையிலையை எங்கை வைக்கிறது?" என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மா கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன பார்வை என்று நீங்கள் இருந்தால் ஒரு நொடியில் சொல்வீர்கள். வாழ்நாளில் சொல்லாத பேரைக் கடைசியில் சொன்னாரே என்று நெஞ்சில் வைத்திருக்கிற பார்வையா? அல்லது, அண்ணன் சொன்ன பொய் எனக்குத் தெரியும், நீ சொல்லு என்கிற பார்வையா? தெரிந்துகொண்டுதான் ஒரு வருடமாகப் பேசாமல் இருக்கிறாரா? அப்படியென்றால் அம்மா யாருக்காக அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறார், மாமாவுக்காகவா, எனக்காகவா?

நான் சொன்னால் அம்மாவிடம் இருப்பது போய்விடும். சொன்னாலும் திதி சரியாக வரப்போவதில்லை, அட்டமியா நவமியா என்று எனக்கே தெரியாதே. சொல்லாவிட்டால், நெல்லூர் வயலைப் பார்க்க ஆசைப்பட்ட உங்களை ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அம்மாவுக்கு வேறு ஒரு அப்பாதான் மிஞ்சுவார், பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவர். எது கூடிய பாவம்?

எழுத எழுத எனக்கு ஒன்றுமட்டும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அதைச் சத்தியமாகத் தருகிறேன். நானாகப் போய் அம்மாவிடம் எதையும் பிடுங்க மாட்டேன். ஆனால் அம்மா இன்னொரு முறை கேட்டால் வாய் மூடிக்கொண்டு நிற்கவும் மாட்டேன். பால்கஞ்சித் தேத்தண்ணியைச் சொல்வேன், வாய்வு என்றதைச் சொல்வேன், எழுப்பச் சொன்ன ஊரைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். உங்கள் வாயில் நான் ஒரு சொல்லும் வைக்க மாட்டேன். நான் இருக்கும்வரை அட்டமியும் நவமியும் இரண்டு நாளும் உங்களுக்கு ஒரு பிடி சோறு இருக்கும். நீங்கள் எந்த நாளில் வந்தாலும்

கதவு தட்டுகிறது.

மாமா இல்லை, அவர் தட்டினால் கதவே ஆடும். இது அம்மா. ஒரு வருடமாக அந்தக் கை தட்டும்போது வளையல் சத்தம் கேட்பதில்லை.

"பிள்ளை, நித்திரையே? லாம்பு எரியுது. ஒண்டு கேக்க வேணும், திற மோனை."

திறக்கப் போகிறேன் அப்பா.

உங்கள் பிள்ளை